மேட்டு நிலத்தில் விராலி

திருத்தணி,
மாசி மாதம்.

அன்புள்ள பாவாவுக்கு,

கல்பனா எழுதுகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வரும் நேரத்தில் உங்கள் வயிற்றில் சூடாக ஏதாவது இருக்கட்டும். நானும் சுதாவும் உங்கள் நைனாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன வாரம் ஆந்திரா ஜெயிலுக்கு வந்தேனே, ஒன்றுமே பேச முடியவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். சுற்றிலும் அத்தனை பேர் தமிழிலும் தெலுங்கிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். "சாப்டியா?" என்று நீங்கள் கேட்டது மட்டும்தான் காதில் விழுந்தது. நான் சொன்ன பதில் உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ. பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்லாமல் விட்டது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் உள்ளே கொடுப்பார்கள் என்றும், தமிழ் படிக்கத் தெரிந்தவர் டியூட்டிக்கு வரும்வரை அது மேசையிலேயே கிடக்கும் என்றும் வாசலில் நின்ற காவலர் சொன்னார். கிடக்கட்டும். வந்து சேர்ந்தால் போதும்.

தக்காளி லோடுக்குக் கீழே செம்மரக் கட்டை பிடிபட்டது என்று கார்த்திகையில் செய்தி வந்ததிலிருந்து நைனா தெருவில் இறங்குவதில்லை. டீ போட்டுக் கொடுத்தால் பாதி குடித்துவிட்டு மீதியை வாசல் செம்பருத்திக்கு ஊற்றுகிறார். சுதா பள்ளிக்கூடத்தில், அப்பா பெரிய லாரி ஓட்டிக்கொண்டு டெல்லிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அப்படிச் சொல்லச் சொல்லி நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

வேலைக்குப் போகிறேன். முதலில் ஆர்.கே.பேட்டையில் தறிக்குப் போய்ப் பார்த்தேன். பவர்லூம் சத்தத்தில் என் மனதில் ஓடுவது இன்னும் சத்தமாக ஓடியது, விட்டுவிட்டேன். இப்போது அதே ரோட்டில் காஞ்சனா அக்கா வைத்திருக்கும் நர்சரியில் இருக்கிறேன். பையில் மண் நிரப்புவது, தண்ணீர் விடுவது, கன்று பிரித்து வைப்பது. கை ஓயாமல் இருந்தால் கொஞ்சம் தேவலை.

அக்காவுக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. மணவூர் ஸ்டேஷன் பக்கம் மனை போட்டு வீடு கட்டுகிறவர்கள் வேலிச்செடி கேட்கிறார்கள். வெளிநாட்டுச் செடி வேண்டாமாம். இந்த மண்ணில் தானாக முளைக்கிற செடியாக இருக்க வேண்டும், தண்ணீர் அதிகம் கேட்கக் கூடாது, ஆடு கடிக்கக் கூடாது, பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். விராலியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்றார் அக்கா. ஆனால் விராலி வெறும் பச்சைதானே, அதில் என்ன அழகு என்றும் அவரே யோசித்தார். நான் சொன்னேன், மலைக்குப் பின்பக்கச் சரிவில் ஒரு புதர் இருக்கிறது, மார்கழிப் பனி இறங்கினால் அதன் இளந்தண்டெல்லாம் குங்குமம் தடவினாற்போலச் சிவந்துவிடும் என்று. அக்கா அன்றைக்கே கிளம்பச் சொல்லிவிட்டார்.

போனோம். காட்டு இலாகா நட்ட எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, புதர் அதற்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் கை வைத்தேன். அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்கள் காகிதப்பூ மாதிரி இறக்கை விரித்துக் காய்ந்திருந்தன. முந்தானை நிறையப் பறித்து வந்தோம். கையில் தேய்த்தால் மிளகை விடச் சிறிய கறுப்பு விதை உதிர்கிறது. அதன் தோல் ரொம்பக் கெட்டி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்குமாம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ஆறும்வரை அதிலேயே விட்டு, மறுநாள் விதைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரை அதன் தலையில் ஊற்றும்போது எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

வண்டி ஓனர் பெருமாள் வந்திருந்தார். ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். "அசோக்கு என் தம்பி மாதிரி. நீ ஒன்னும் கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நைனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அரிசி இருக்கிறது என்று சொல்லி மூட்டையை நான்தான் திருப்பி வண்டியில் ஏற்றச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்திருக்கும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் அன்றைக்கு அவ்வளவு தூரம் வந்தேன். கேட்காமலே திரும்பிவிட்டேன். இப்போதும் எழுதக் கை வரவில்லை.

தணிகை முருகன் உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும்.

கல்பனா


திருத்தணி,
ஆடி மாதம்.

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கொசு அதிகம், நைனாவைப் பார்த்துக்கொள், சுதாவை அடிக்காதே. அவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். காகிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அடுத்த முறை பின்பக்கத்திலும் எழுதுங்கள்.

ஊர் முழுக்கக் கிருத்திகைக் கூட்டம். விடிவதற்கு முன்பிருந்தே காவடி போகிறது. போன வருஷம் சுதாவைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறினீர்கள். இந்த வருஷம் எங்களைக் கூப்பிட ஆள் இல்லை. நாங்களும் போகவில்லை. மலை ஒலிபெருக்கி வீட்டுக்குள் கேட்கிறது, அதுவே போதும்.

விதை முளைத்தது. போட்டதில் பாதிக்கு மேல் முளைத்தது என்று அக்காவுக்குச் சந்தோஷம். ஆனால் கன்றுகள் ஒன்று போல இல்லை. சிலதில் தண்டு இப்போதே லேசாகச் செம்மை காட்டுகிறது, மற்றதெல்லாம் சாதாரணப் பச்சை. விதையிலிருந்து வந்தால் அப்படித்தான் கலந்து வரும், சிவப்பாக வருவதைத் தாய்ச்செடியாக வைத்துக்கொண்டு அதிலிருந்து குச்சி எடுத்து நட்டால்தான் நிறம் மாறாது என்றார் அக்கா. நர்சரியில் இடம் இல்லை. அதனால் நம்முடைய மேட்டு நிலத்தைக் கேட்டார். கல்லும் சுண்ணாம்புச் சுக்கானும் தவிர அங்கே என்ன இருக்கிறது? நைனாவிடம் கேட்டேன், தலையாட்டினார். ஆனி கடைசியில் ஒரு மழை பெய்ததும் செம்மை காட்டிய கன்றுகளை மட்டும் வரிசையாக நட்டோம்.

அதற்குப் பிறகுதான் வினை வந்தது. அசோக்குமார் பெண்டாட்டி மேட்டு நிலத்தில் செம்மரம் வளர்த்துகினு கீறாளாம் என்று தெருவில் யாரோ கிளப்பிவிட்டார்கள். தண்டு சிவப்பு என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு காலையில் காட்டு இலாகா ஜீப் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் ஒன்றும் கேட்காமல் கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. விராலி என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. இன்னொருவர் இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "யோவ், விராலிய்யா இது. கை கால் பிசகுனா வச்சுக் கட்டுவாங்களே" என்று சிரித்தார். பிடுங்கியவர் கன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

அவர்கள் ஜீப்பில் ஏறும் சமயம் நைனா ஓடி வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. "சார், என் புள்ள வண்டி ஓட்டுனவன். மரம் வெட்டுனவன் இல்ல சார்" என்று கத்தினார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் தெருவில் பேசிய முதல் பேச்சு அது.

அன்றிலிருந்து அந்தப் பேச்சு என் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அவர் சொன்னதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லாமல் விட்டது எது என்று தேடுகிறேன். சமையல் கட்டில் நின்றால் வாசலுக்கு வரத் தோன்றுகிறது, வாசலுக்கு வந்தால் நிலத்துக்குப் போகத் தோன்றுகிறது. நிலத்துக்குப் போனால் ஒவ்வொரு கன்றாகக் குனிந்து தண்டைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். ஆடியில் தண்டு எப்படி முழுசாகச் சிவக்கும்? தெரிந்தும் பார்க்கிறேன்.

பெயில் மனு மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. புது வக்கீல் பார்த்திருக்கிறேன். பெயர் பத்மஜா. மலைக்கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்துப் பெண், கல்யாணமாகி ஆந்திரா பக்கம் போய் அங்கேயே வக்கீலாக இருக்கிறார். தமிழும் தெலுங்கும் சமமாகப் பேசுகிறார். உங்களைப் பார்க்க வருவார். அவரிடம் பேசுங்கள். என்னிடம் பேசாததையாவது பேசுங்கள்.

சுதாவை அடிப்பதில்லை. ஒரு தடவை அடித்தேன், டெல்லி கதையை என்னிடமே சொன்னபோது. பிறகு இருவரும் அழுதோம்.

உடம்பை விட்டுவிடாதீர்கள்.

கல்பனா


திருத்தணி,
மார்கழி மாதம்.

அன்புள்ள பாவாவுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பத்மஜா உங்களைப் பார்த்ததாகவும், இளைத்திருக்கிறீர்கள், ஆனால் காய்ச்சல் விட்டுவிட்டது என்றும் சொன்னார். காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது. இப்படி எதையெல்லாம் எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறீர்கள்?

செடியைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். புரட்டாசியில் எல்லாம் ஒல்லியாக மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. மழைக்கு முன்னால் பாதிக்குப் பாதி வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் பக்கத்தில் புதுத் தண்டு விடும், புதுத் தண்டில்தான் நிறம் பிடிக்கும், முற்றிய கட்டையில் பிடிக்காது என்றார் அக்கா. உசிரைக் கொடுத்து வளர்த்ததை எப்படி வெட்டுவது? கத்தரியை எடுத்துக்கொண்டு போவதும் ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவதுமாக இருந்தேன். கடைசியில் நைனாதான் அரிவாளோடு இறங்கினார். ஒரு வரிசையை அவர் வெட்டிய பிறகு அடுத்த வரிசையை நான் வெட்டினேன்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஒரு வெட்டுக்கு மூன்று நான்கு தண்டு விட்டது. கார்த்திகை முடிந்து பனி இறங்க ஆரம்பித்ததும் ஒரு காலையில் போய்ப் பார்க்கிறேன், மேட்டு நிலம் முழுக்கச் செம்மை. இலை பச்சை, தண்டு மட்டும் நல்ல ரத்தச் சிவப்பு. வேப்பமரத்து நிழலில் இருக்கிற வரிசை மட்டும் பச்சையாகவே நின்றுவிட்டது. வெயில் முழுசாகப் பட வேண்டும் போலிருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். செம்மரம் என்று சொன்ன வாய்களே இப்போது ஒரு கன்று கேட்கின்றன. மணவூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பச்சை எதுவும் வேண்டாம், சிவப்பு மட்டும் கொடுங்கள் என்றார்கள். சிவப்பில் நல்லது எதையும் இந்த வருஷம் தர மாட்டேன், அது தாய்ச்செடி, குச்சி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். நானா இப்படிக் கறாராகப் பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியம்.

இனி எழுதப் போவதை, இதைப் பிரித்துப் படிப்பவர்களும் படிக்கட்டும். பெருமாள் மறுபடி வந்தார். நான் நிலத்தில் இருந்தேன், நேராக அங்கேயே வந்துவிட்டார். செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லா கீது" என்றார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். தை மாதம் கேஸ் விசாரணைக்கு வருகிறதாம். "நானே ஏத்துனேன், வண்டி ஓனருக்கு ஒன்னும் தெரியாதுன்னு அசோக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்மா. உங்க மூணு பேரையும் கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

எங்களை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்றேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்து, அது உண்மையா என்று நைனாவிடம் கேட்டேன். நேருக்கு நேர் நின்று கேட்டேன். அவர் கையிலிருந்த டீயைச் செம்பருத்திக்கு ஊற்றினார். பிறகு சொன்னார். அதையும் எழுத மாட்டேன். நீங்கள் லோடுக்குக் கிளம்பிய முந்தின நாள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும்.

அன்றைக்கு நான் சமைக்கவில்லை. சுதாவுக்குப் பக்கத்து வீட்டில் சாப்பாடு. மேட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உங்கள் மேல் வந்த கோபத்தில் நல்ல செடி ஒன்றை வேரோடு பிடுங்கிவிட்டேன். கோபம் தீரவில்லை. செடி போனதுதான் மிச்சம்.

பாவா, ஒன்று மட்டும் கேளுங்கள். பெருமாள் எங்களுக்குச் சோறு போடுவார் என்று நினைத்து நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தச் சோறு எங்களுக்கு வேண்டாம். சுதா படிக்கிறாள், நைனா சாப்பிடுகிறார், என் கையில் வேலை இருக்கிறது. எங்களுக்காக என்று சொல்லி எதையும் சுமக்காதீர்கள். பத்மஜா சொல்வதைக் கேளுங்கள். உள்ளது எதுவோ அதைச் சொல்லுங்கள். அதனால் உங்களுக்கு நல்லது வருமா கெட்டது வருமா என்று எனக்குத் தெரியாது. வக்கீலும் உறுதி சொல்லவில்லை.

உங்களுக்குத் தைரியம் வர வேண்டும் என்று விளக்கேற்றியிருக்கிறேன்.

கல்பனா


திருத்தணி,
பங்குனி மாதம்.

அன்புள்ள பாவாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரும் பிரித்துப் படிக்கப் போவதில்லை. உங்கள் கூட வண்டி ஓட்டிய சுப்பிரமணி கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் திருப்பதி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறீர்கள், கமிஷன் மண்டியிலேயே படுத்துக்கொள்கிறீர்கள் என்று அவர்தான் வந்து சொன்னார். அதுவரைக்கும், தை விசாரணைக்குப் பிறகு பெயில் கிடைத்தவர் எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியாது. பத்மஜாவுக்கும் தெரியவில்லை. ஜெயில் வாசல் வரைக்கும் நானும் நைனாவும் வந்தோம். நாங்கள் வருவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். நைனா கையில் உங்களுக்காக எடுத்து வந்த சட்டை இருந்தது. பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

கோர்ட்டில் நான் பின்வரிசையில் இருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காதது போல இருந்தீர்கள். லோடு கொடுத்தது பெருமாள் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் ஜட்ஜ் தெலுங்கில் கேட்டார், "நீக்கு முந்தே தெலுசா?" என்று. முன்னாலேயே உனக்குத் தெரியுமா என்று. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி. நீங்கள் தலை குனியாமல் "தெலுசு சார்" என்றீர்கள். நைனா மூலமாக எனக்கு அது தெரியும். இருந்தும் உங்கள் குரலில் கேட்டபோது என் காது அடைத்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பத்மஜா தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

பெருமாளைப் பிடித்துவிட்டார்கள். உங்களுக்குச் சுப்பிரமணி சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு ஒரு காலை மேட்டு நிலத்தில் இரண்டு வரிசை பிடுங்கி எறியப்பட்டிருந்தது. யார் என்று நான் விசாரிக்கவில்லை. காஞ்சனா அக்கா போலீசுக்குப் போகலாம் என்றார், போய் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எடுத்து வைத்திருந்த குச்சிகளில் வேர் விட்டது கொஞ்சம் இருந்தது, அதைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நட்டேன். பிழைத்தால் பிழைக்கட்டும். இதைச் சொல்லி உங்களை வரவழைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காவலுக்கு நைனா இருக்கிறார், தெருவும் இப்போது எங்கள் பக்கம்தான் நிற்கிறது.

தண்ணீருக்கு மேட்டு நிலத்தில் போர் போட வேண்டும், ஒரே ஒரு லோடு, அதோடு இந்த வேலையே வேண்டாம் என்று அன்றைக்கு நீங்கள் நைனாவிடம் சொன்னீர்களாம். என்னிடம் சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை, அதுவும் எனக்குத் தெரிகிறது. அந்த நிலத்தில் இப்போது நிற்கிற செடிக்குப் போரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதிய பிறகு குத்துகிற மாதிரித்தான் இருக்கிறது. அந்த வரியை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

சுப்பிரமணியிடம் நீங்கள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். "எந்த மூஞ்ச வச்சுகினு போறது? அவ ஒன்னும் கேக்காம இருந்துட்டா அது இன்னும் கஷ்டம்" என்றீர்களாம்.

கேட்காமல் இருக்க மாட்டேன் பாவா. எதுவும் கேட்க மாட்டேன், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதினால் நீங்கள் உடனே கிளம்பி வரக்கூடும், ஆனால் அது பொய். எல்லாம் கேட்பேன். ஒரு நாளில் முடியாது, பல நாள் கேட்பேன். சண்டை போடுவேன். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சுதாவும் கேட்பாள், டெல்லி எப்படி இருந்தது என்று. அவளுக்கு என்ன பதில் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும், அதில் நான் உதவ மாட்டேன்.

அங்கே ஸ்டேஷனில் வாரா வாரம் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இங்கிருந்து போய்ப் போட்டுவிட்டு வரலாம். திருப்பதிக்கு பஸ் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அதே பஸ் திரும்பியும் வருகிறது.

நீங்கள் இதைப் படித்து முடித்ததும் சுப்பிரமணி கிளம்பிவிடுவார். பதில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டாம். பதிலை நீங்களே கொண்டு வாருங்கள்.

உங்கள்
கல்பனா